காஞ்சன்பாக்கில் ஒரு காகிதப் பட்டறை

ஐதராபாத் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் சார்மினாரும் கோல்கொண்டாவும் தோன்றும். நகரின் தென்கிழக்கே, சந்தோஷ் நகரைக் கடந்து சென்றால் எதிர்ப்படும் காஞ்சன்பாக், பயணிகள் நாடிச் செல்லும் இடமன்று. காஞ்சனம் என்பது பொன். பாக் என்பது தோட்டம். பெயரைத் தமிழாக்கினால் பொற்சோலை என்றாகும். ஆயினும் இன்று அங்கே நம் கண்ணுக்கு முதலில் படுவன சோலைகள் அல்ல. நீண்ட மதில்களும், அவற்றின்மேல் முள்கம்பியும், காவற்கூண்டுகளுமே.

மதில்களுக்கு உள்ளே நடக்கும் வேலை நாடறிந்தது. ஏவுகணை ஆராய்ச்சி செய்யும் டி.ஆர்.டி.எல். ஆய்வகம் 1962-இல் டெல்லியிலிருந்து ஐதராபாத்துக்கு வந்தது. உலோக ஆராய்ச்சிக்கான டி.எம்.ஆர்.எல். அதனை அடுத்து உருவாயிற்று. 1970-இல் பாரத் டைனமிக்ஸ் நிறுவனமும், 1973-இல் சிறப்பு உலோகக் கலவைகள் செய்யும் மிதானி நிறுவனமும் தோன்றின. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1982-இல் டி.ஆர்.டி.எல். இயக்குநராகப் பொறுப்பேற்றது இவ்வூரிலேதான். செகந்திராபாத் தமிழர் படைமுகாமை ஒட்டி வந்தவர்கள், காஞ்சன்பாக் தமிழர் ஏவுகணையை ஒட்டி வந்தவர்கள் என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

அரசு வேலையில் உள்ளோருக்கு மதிலுக்குள் குடியிருப்பும், பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயமும் உண்டு. மதிலுக்கு வெளியே வேறொரு வகைத் தமிழர் வாழ்கின்றனர். பெரிய நிறுவனங்களுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து தரும் தனியார் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் அவர்கள். பட்டறை எவ்வூருக்கு அனுப்புகிறதோ அவ்வூருக்குப் பெட்டியைக் கட்டுவார்கள். அத்தகைய குடும்பம் ஒன்றைக் காணவே நான் சென்ற பங்குனியில் அங்குப் போயிருந்தேன். டி.எம்.ஆர்.எல். சந்திப்பிலிருந்து சற்று உள்ளடங்கிய தெருவில், மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. அவ்வீட்டு அம்மையார் அவிநாசிப் பக்கத்தவர். காகித உறைகளும் வாழ்த்து அட்டைகளும் கையால் செய்து விற்கிறார். பதினொரு வயது மகளுக்கு வீட்டிலேயே பாடமும் சொல்லித் தருகிறார். இரண்டையும் ஒரே மேசைமேல் நடத்துகிறார் என்று கேள்வியுற்றபோது, எது எதனைக் கெடுக்கிறது என்று பார்த்துவர வேண்டும் எனும் எண்ணமே என்னை உந்தியது.

சிறுமி ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒசூரில் இரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தாள். தந்தையின் வேலை புனேக்கு மாறியது. அங்கே இரண்டாண்டு மராத்தி. பிறகு ஐதராபாத், இங்கே தெலுங்கு. மகாராட்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டமும், தெலங்கானாவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தந்த மாநில மொழியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடம் ஆக்கியுள்ளன. அவ்வவ் மாநிலத்தார் தம் மொழியைக் காக்க விரும்புவதில் நாம் குறை காண இடமில்லை. நாமும் அதனையே விரும்புகிறவர்கள். ஆனால் மூன்று ஊர்களில் மூன்று எழுத்துகளைத் தொடங்கி, ஒன்றையும் முடிக்காமல் நின்ற குழந்தைக்குப் பத்து வயதில் எம்மொழியிலும் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்க இயலவில்லை. வகுப்பில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். “ஓராண்டு வீட்டில் இருக்கட்டும்” என்று பெற்றோர் முடிவு செய்தனர். அந்த ஓராண்டு முடியும் தறுவாயில்தான் நான் சென்றேன்.

மேசை என்றேன். பழைய கதவு ஒன்றை இரண்டு இரும்புப் பெட்டிகளின்மேல் கிடத்தியதே மேசை. அதன் ஒரு பாதியில் பாட நூல்கள். மறு பாதியில் இரும்பு அடிக்கோல், வெட்டுக்கத்தி, எலும்பு போன்ற மழுங்கிய மடிப்புத் தகடு, பசைக் கிண்ணம். நடுவே பெரிய வெண்தாள்கள் அடுக்கியிருந்தன. தொட்டால் துணிபோல் இருந்தது.

“துணியேதானுங்க அண்ணா. நம்ம ஊர்ப் பனியன் துணி” என்றார் அம்மையார்.

உண்மைதான். நம் நாட்டில் கைக்காகிதத்துக்கு மரக்கூழ் பெரும்பாலும் வேண்டுவதில்லை. திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் வெட்டி எஞ்சும் பருத்தித் துணுக்குகளை நறுக்கி, நீரில் இட்டு அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளித் தாளாக எடுக்கிறார்கள். அத்துணுக்குகள் இராசத்தானத்துச் சங்கானேர் வரை மூட்டை மூட்டையாகச் செல்கின்றன. சங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்குத் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த நம் ஜே. சி. குமரப்பாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1934-இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராக இருந்து, அழியும் நிலையிலிருந்த கைக்காகிதத் தொழிலுக்கு மீண்டும் உயிரூட்டிய முயற்சியில் முன்னின்றவர் அவர்.

ஐதராபாத்துக்கும் இத்தொழில் புதிதன்று. நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தௌலதாபாத்தின் அருகே காகஜிபுரா என்றே ஓர் ஊர் உண்டு. துக்ளக் காலத்தில் வந்த காகிதக்காரர்கள் குடியேறிய இடம் என்பர். தெலங்கானாவில் ஜகித்யாலை அடுத்த கோருட்லாவும் காகிதத்துக்குப் பெயர் பெற்ற ஊர். நாம் சொல்லும் ‘காகிதம்’ பாரசீகச் சொல்லின் வழி வந்தது. நம் பாட்டிமார் சொல்லும் ‘கடுதாசி’ போர்த்துகீசியர் தந்தது. ‘தாள்’ ஒன்றே நம்முடையது.

அம்மையார் தாள் வாங்குவது சத்தா பஜாரில். மூசி ஆற்றின் தென்கரையில், சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு அண்மையில் உள்ள பழைய கடைத்தெரு அது. திருமண அழைப்பிதழ் அச்சகங்களும், உருது எழுத்தை அழகுற எழுதும் காதிப்களின் சிறு கடைகளும் அங்கே நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. கணிப்பொறி வந்தபின் காதிப்கள் அருகிவிட்டனர். அழைப்பிதழ் வணிகம் இன்றும் செழிப்பாகவே நடக்கிறது. தாயும் மகளும் நகரப் பேருந்தில் சென்று வருவர். 2023 டிசம்பர் முதல் தெலங்கானாப் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால், முன்பு இருமுறை யோசித்துச் சென்ற இடத்துக்கு இப்பொழுது வாரந்தோறும் செல்ல முடிகிறது. பேருந்தின் பலகையும் கடைகளின் பெயரும்தான் சிறுமியின் தெலுங்குப் பாடம். தெலுங்கைக் கைவிட்டுவிடாமல் அதைத் தெருவிலேயே படிக்க வைத்ததை நான் பெரிதும் பாராட்டுகிறேன். நம் குடும்பங்கள் சிலவற்றில் வாழும் ஊரின் மொழியைத் தீண்டாமலிருப்பதே தமிழ்ப்பற்று என்று கருதுவதைக் கண்டு வருந்தியவன் நான்.

இனிப் பாடத்துக்கு வருவோம். நான் சென்ற நாளில் கணக்குப் பாடம். கைக்காகிதத் தாள் 22 அங்குல அகலம், 30 அங்குல நீளம். பணம் வைத்துக் கொடுக்கும் உறைக்கு, மடிப்பும் ஒட்டும் ஓரமும் சேர்த்து, ஏழரை அங்குலத்துக்கு ஏழு அங்குலத் துண்டு ஒன்று வேண்டும். மடித்தால் ஆறரைக்கு மூன்று அங்குல உறையாகும்; ஐந்நூறு ரூபாய்த் தாள் மடங்காமல் உள்ளே கிடக்கும். ஒரு தாளில் எத்தனை உறை? சிறுமி முதலில் ஏழரையை 22 அங்குலப் பக்கத்தில் வைத்தாள். அகலத்தில் இரண்டு, நீளத்தில் நான்கு, ஆக எட்டு. பிறகு துண்டைத் திருப்பினாள். அகலத்தில் ஏழு ஏழாக மூன்று, நீளத்தில் ஏழரை ஏழரையாக நான்கு, ஆகப் பன்னிரண்டு. மிஞ்சியது ஓர் அங்குல அகலமுள்ள நீண்ட நாடா மட்டுமே.

“மாமா, திருப்பி வைத்தால் நாலு உறை சும்மா கிடைக்குது!” என்றாள் என்னிடம். அதுவரை என்னோடு பேசாதவள்.

ஆலைத் தாளாக இருந்தால் இப்படி விருப்பம்போல் திருப்புதல் ஆகாது. இயந்திரத்தில் ஓடிவரும் தாளில் நார்கள் ஓடும் திசையிலேயே படிந்துவிடும்; அத்திசையில் மடித்தால் கோடு நேராக விழும், குறுக்கே மடித்தால் பிசிறு தட்டும். சிறு துண்டின் ஒரு முகத்தை ஈரமாக்கினால் அது நார்த்திசையை அச்சாகக் கொண்டு சுருளும். சல்லடையில் அள்ளிய கைக்காகிதத்தில் நார்கள் எல்லாப் பக்கமும் கிடப்பதால் அத்தகைய கட்டுப்பாடு பெரிதாக இல்லை. இதனைச் சிறுமி எனக்குச் செய்து காட்டினாள். அறிவியல் பாடத்தில் இதற்கு என்ன பெயரிடுவார்களோ அறியேன். ஆனால் காரணத்தைத் தன் சொல்லில் தமிழில் விளக்கினாள், நிறுத்தி நிறுத்தி, ஆயினும் முழு வாக்கியங்களில்.

எடைப் பாடம் ஒன்றும் உண்டு. ‘ஏ-பூச்சியம்’ எனப்படும் பெருந்தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதி பாதியாக மடித்தால் பதினாறில் ஒரு பங்கான ஏ-4 தாள் வரும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள காகிதமாயின் ஏ-4 தாள் ஒன்று ஐந்து கிராம். ஐந்நூறு தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. கடைக்காரரின் தராசில் வைத்துச் சரிபார்த்துவிட்டு வந்தார்களாம். பின்னம் எனக்கு இளமையில் இப்படிக் கற்பிக்கப்பட்டிருந்தால் எவ்வளவோ அடிகள் மிஞ்சியிருக்கும்.

பசை வீட்டிலேயே காய்ச்சுகிறார்கள். மைதா மாவும் நீரும்தான். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம் என்று அம்மையார் அதைச் சேர்ப்பதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாகக் காய்ச்சுகிறார். ஐதராபாத் கடலிலிருந்து வெகு தொலைவில், தக்காணப் பீடபூமியின்மேல் இருப்பதால், சித்திரை வைகாசியில் காற்று வறண்டு பசை விரைவில் உலர்ந்துவிடும்; தாள் சுருண்டுகொள்ளும். மழை மாதங்களில் இதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் மருந்து பாரம் வைப்பதே. ஒசூரிலும் புனேயிலும் வாங்கிய பழைய பாட நூல்கள் அதற்குப் பயன்படுகின்றன.

விற்பனை பெரும்பாலும் பண்டிகைகளையும் திருமணங்களையும் ஒட்டியது. தமிழர் வீட்டு மணவிழாவுக்கு ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர். சுற்றுப்புறத்து இசுலாமியர் பெருநாளில் பிள்ளைகளுக்கு ஈதி என்று பணம் கொடுப்பர். அதற்குப் பிறை வெட்டிய உறை. வாழ்த்து அட்டைகளில் மெல்லிய காகித நாடாக்களைச் சுருட்டி ஒட்டும் பூவேலை. அந்தப் பூவேலைக்கு, தாள் வெட்டியதில் எஞ்சிய ஓர் அங்குல நாடாவே பொருள். அக்கம்பக்கத்தார் வாட்ஸ்அப் வழியே சொல்லி வாங்குகின்றனர். கடைக்காரர் சிலர் மொத்தமாகவும் கேட்கின்றனர். 1938 முதல் நாம்பள்ளியில் நடந்துவரும் நுமாயிஷ் பொருட்காட்சிக்குச் சனவரியில் சென்று பிறர் விலையைப் பார்த்து வந்திருக்கிறார்கள். அங்கே தாமே கடை எடுக்கும் அளவுக்குக் கையில் முதல் இல்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், சந்தோஷ் நகர்க் கடைக்காரர் ஒருவர் ஐந்நூறு ஈதி உறைகள் கேட்டார். உறைக்குப் பன்னிரண்டு ரூபாய். தாள் நாற்பத்தெட்டு ரூபாய்க்கு வாங்கியதால் உறைக்குத் தாட்செலவு நான்கு, பசை, பொன்னிறத் தாள் முதலியவற்றுக்கு இரண்டு, மிச்சம் ஆறு. ஐந்நூறுக்கு மூவாயிரம் ரூபாய். ஆனால் ஓர் உறைக்கு ஆறு நிமிடம் ஆகிறது. ஐந்நூறுக்கு ஐம்பது மணி நேரம். பத்து நாளுக்கு நாள்தோறும் ஐந்து மணி. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பாடம், பின்பு சமையல், வீட்டு வேலை. ஒரு கை போதாது. பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு கைகள் இருக்கின்றன. அவை உறை மடிக்கவும் நன்றாக அறியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை தன் குடும்பத் தொழிலில், அது ஆபத்தானதாக இல்லாவிடில், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், படிப்புக்கு ஊறு நேராமல் உதவலாம் என்கிறது. நல்லது. பள்ளி மணியே அடிக்காத வீட்டில் பள்ளி நேரத்துக்குப் பின் என்பது எப்பொழுது தொடங்கும்?

இக்கேள்வி புதிதன்று, பெரியோர் பலர் கூடி வாதிட்டதுதான். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் உருவாயிற்று. அதனை வகுத்த குழுவின் தலைவர் ஜாகிர் உசேன். 1897-இல் இதே ஐதராபாத்தில் பிறந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். குழுவின் அமைப்பாளர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். மேலே சொன்ன குமரப்பாவும் அதில் ஓர் உறுப்பினர். பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியரின் ஊதியத்தை ஈட்டலாம் என்பது காந்தியடிகளின் கருத்து. ஜாகிர் உசேன் அம்மாநாட்டிலேயே எச்சரித்தார்: வருவாயின்மேல் கண் சென்றால் ஆசிரியர் பிள்ளைகளை வேலை வாங்குபவராகிவிடுவார், அது மறைமுக அடிமைத்தனமாக முடியும் என்பது அவர் அச்சம். ஆயினும் அவர் குழு வகுத்த கால அட்டவணையில் ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கே ஒதுக்கப்பட்டது. அது மிகுதி என்பதே என் எண்ணம். நம் முதியோர் பலர் தக்ளியில் நூற்ற நினைவு உடையவர்கள். நூற்றது நினைவிருக்கிறது, அதன் வழி என்ன கற்றார்கள் என்பதைச் சொல்பவர் குறைவு.

காஞ்சன்பாக் அம்மையார் இவ்வரலாற்றைப் படித்தவர் அல்லர். அவர் தாமாகவே ஒரு வரம்பு வைத்திருந்தார். “ஒரு வேலையிலே பாப்பாவுக்குப் புதுசா தெரிஞ்சுக்க ஏதாச்சும் இருக்கிற வரைக்கும் அது பாடமுங்க அண்ணா. அப்புறம் அது என் வேலை” என்றார்.

நான் விடவில்லை. “கைப்பழக்கம் திரும்பத் திரும்பச் செய்தால்தானே வரும், அம்மா? பத்தாவது மடிப்பைவிட ஐம்பதாவது மடிப்பு நேராக இருக்குமே” என்றேன்.

அதற்கும் அவரிடம் விடை இருந்தது. மகளுக்கென்று தனியே தாள்கள் கொடுத்திருக்கிறார். அவற்றில் அவள் ஐம்பது மடிக்கலாம், நூறும் மடிக்கலாம், கசக்கி எறியவும் செய்யலாம். அவை விற்பனைக்கு அல்ல. கெடு வைத்துக் கேட்ட சரக்கில் அவள் கை படக் கூடாது. “கெடு வந்துட்டா நான் அவசரப்படுவேன், அவளைத் திட்டுவேன். பள்ளிக்கூடத்திலே பேசாம இருந்த புள்ளை இங்கேயும் பேசாம ஆயிரும்” என்றார்.

ஐந்நூறில் இருநூறு உறைகளை மட்டும் ஒப்புக்கொண்டார். இருபது மணி நேர வேலை. நாள்தோறும் இரண்டு மணி. மூவாயிரத்துக்குப் பதில் ஆயிரத்து இருநூறு ரூபாய் வந்தது. அந்த ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாடகை வீட்டில் சிறிய தொகை அன்று. கணவருக்கு இதில் முழு உடன்பாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை கொஞ்சம் உதவினால் என்ன தேய்ந்துவிடும் என்று அவர் நான் கேட்கவே சொன்னார். அதுவும் தள்ளிவிடக்கூடிய சொல் அன்று. நம் பெற்றோர் பலர் கடையிலும் தறியிலும் உதவியே வளர்ந்தனர்.

வீட்டுக் கல்வியை எண்ணும் நம் குடும்பங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுதல் நலம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை கூறப்படவில்லை. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக அளித்தது. தேர்வு எழுத விரும்புவோர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வித் தேர்வுகளும், பதினான்கு வயது நிறைந்தோர்க்குப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வும் அதில் உண்டு. அப்பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழும் தெலுங்கும் மொழிப் பாடங்களாக இடம்பெறுகின்றன. இன்னொன்று பலர் அறியாதது: இடையில் நின்ற பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வந்தால், வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, பின்தங்கியதை ஈடுசெய்யத் தனிப்பயிற்சி தரவேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு விதிக்கிறது. ஆகவே வீட்டில் ஓராண்டு இருந்தால் கதவு மூடிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அச்சிறுமி ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர விரும்புகிறாள் என்று விடைபெறும்போது தாயார் தெரிவித்தார். விருப்பம் அவளுடையதாம். மேசைமேல் ஒரு குறிப்பேடு திறந்து கிடந்தது. தேதி, தாள், உறை, வரவு, செலவு எல்லாம் தமிழில், வட்டமான பெரிய எழுத்தில்; கடைகளின் பெயர் மட்டும் தெலுங்கில். ‘ஒட்டுதல்’ என்பதற்கு ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அவளே அடித்துத் திருத்தியிருந்தாள். சரக்கில் அவள் கை படக் கூடாது என்றாலும் கணக்கேடு அவள் பொறுப்பு. ஜூனுக்குப் பிறகு இதை யார் எழுதுவது என்று கேட்டேன். “சாயங்காலம் வந்து எழுதுவேன் மாமா, வீட்டுப்பாடம் முடிச்சிட்டு” என்றாள்.